பாண் ஓட்டோவைக் கண்டால் பாயுது, சாப்பாட்டுச் சட்டிக்குக் கிட்டப் போனால் உறுமுது: இந்த நாயைத் திருத்த வழி உண்டா?

உவர்மலை வாணி எழுதியது:

வணக்கம். நாய் பழக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் விபரத்தை முழுதாகவே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது திருகோணமலை.

ஊர் நாய், கடுவன், மூன்று வயதளவு, 17 கிலோ. கருத்தடை செய்தாயிற்று. முன்பு வளர்த்த வீட்டில் பகல் முழுக்கப் படலையடியில் சங்கிலியில்தான் நின்றது. அவர்கள் இடம் மாறிப் போனதால் எங்களிடம் வந்தது. வீட்டு ஆட்களோடு நல்ல மாதிரி. சிக்கல் இரண்டு.

ஒன்று, படலை. தெருத்தெருவாகப் பாண் விற்றுவரும் ஓட்டோவின் பாட்டு தெருமுனையில் கேட்டதுமே எழும்பி ஓடும். ஓட்டோ கடந்து போகும் வரை கம்பிப் படலையில் பாய்ந்து பாய்ந்து குரைக்கும். சைக்கிளில் வரும் மீன்காரருக்கும் இதே வரவேற்புத்தான். வெளியே கூட்டிக்கொண்டு போனால், ஓட்டோவைக் கண்டதும் முன்னங்கால் இரண்டும் நிலத்தில் படாமல் இழுக்கும். அந்த நேரம் கழுத்துப் பெல்ட்டைப் பிடித்துத் தடுத்தால், திரும்பிப் பிடித்தவரின் சாரத்தைக் கவ்வுகிறது.

இரண்டு, சாப்பாடு. சட்டிக்குக் கிட்ட யாராவது வந்தால் மெல்லுவதை நிறுத்தி விறைத்து நிற்கும், பிறகு உறுமும். முந்தநாள் மகன் (9 வயது) சட்டிக்குப் பக்கத்தில் விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தபோது கையில் பல்லால் தட்டிவிட்டது. இரத்தம் வரவில்லை, தோலில் ஒரு கோடு மட்டும். உடனே விலகியும் போய்விட்டது.

அயலவர் சொல்கிற வைத்தியங்கள்: பச்சைத் தடியால் நாலு போடு. சாப்பிடும்போது சட்டிக்குள் கையை விட்டுப் பழக்கு. மல்லாக்கப் பிடித்து அமத்து, யார் எசமான் என்று விளங்கும். ஒருவர் கடற்கரையில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். கைவிட எங்களுக்கு விருப்பமில்லை, பிள்ளைக்கும் ஆபத்து வரக்கூடாது. எதில் தொடங்குவது, எவ்வளவு காலம் எடுக்கும்?

சீனக்குடா தாதி எழுதியது:

தங்கச்சி, நாயின்ர கதையைப் பிறகு பார்ப்பம், முதலில பிள்ளையின்ர கை. பல்லால கோடு விழுந்ததெண்டால் அது விசர்நாய்க்கடிக் கணக்கிலதான் வரும். இரத்தம் வராவிட்டாலும் ஊசி தேவைப்படலாம். குழாய்த் தண்ணியைத் திறந்துவிட்டுச் சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் கழுவ வேணும். இரண்டு நாள் கடந்திருந்தாலும் இப்பவே கழுவிப்போட்டு இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒண்டும் பூச வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில ஊசிக்குக் காசில்லை. நாயின்ர தடுப்பூசி அட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கோ, கட்டாயம் கேட்பினம்.

நாயை 14 நாள் வளவை விட்டு வெளியில விடாமல் வைச்சுப் பாருங்கோ. குரல் மாறினால், வீணீர் ஓடினால், விழுங்கக் கஷ்டப்பட்டால், பின்னங்கால் தள்ளாடினால் உடனே மிருக வைத்தியருக்கும் பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்ல வேணும். 14 நாளும் சுகமாக இருந்தால், கடிச்ச நேரம் எச்சிலில கிருமி இருக்கேல்லை எண்டு எடுக்கலாம். ஆனால் அதுவரைக்கும் ஊசியைத் தள்ளிப் போடுறதா இல்லையா எண்டது வைத்தியர் எடுக்கிற முடிவு. வீட்டில இருந்து நாங்கள் எடுக்கக் கூடாது.

நாலுகால் நண்பன் எழுதியது:

தாதி அக்கா சொன்னதைச் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அந்த 14 நாளும் வீணாகப் போகாது. படலை வேலையின் முதல் பாதி எப்படியும் வளவுக்குள்தான்.

நாய் ஏன் படலையில் இப்படி நிற்கிறது? ஓட்டோ வருகிறது, நாய் குரைக்கிறது, ஓட்டோ போய்விடுகிறது. குரைக்காவிட்டாலும் ஓட்டோ போகத்தான் போகிறது. நாயின் கணக்கில் அதைத் துரத்தியது தன் குரைப்பு. பாண்காரர், மீன்காரர், தபால்காரர் என்று ஒவ்வொருவர் போகும்போதும் அதற்கு ஒரு வெற்றி. சங்கிலியில் நின்ற காலத்தில் விலகிப் போகவும் முடியவில்லை, கிட்டப் போய் மணந்து பார்க்கவும் முடியவில்லை, கையில் மிஞ்சியது குரைப்பு மட்டும். ஆகவே எதையும் பழக்க முதல் அந்த வெற்றியை நிறுத்துங்கள்.

கம்பிப் படலையை உட்பக்கத்தால் தகரமோ கிடுகோ வைத்து ஐந்தடி உயரத்துக்கு மறையுங்கள். கீழே இடைவெளி விட வேண்டாம், சில்லு உருளுவது தெரிந்தாலே மறைத்ததில் பலனில்லை. பச்சை நிழல்வலை என்றால் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், ஒற்றை மடிப்பில் அசைவு தெரியும். பாண் வரும் நேரங்களில் நாய் வீட்டின் பின்பக்க அறையில், கதவு சாத்தி. சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். கட்டியே ஆக வேண்டுமென்றால், படலை தெரியாத பின்வளவில் இரண்டு மரங்களுக்கிடையே கம்பி இழுத்து அதில் ஒரு வளையத்தை ஓட விடலாம். நிழலும் தண்ணீரும் அது எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இனிப் பாட்டு. பாண் ஓட்டோக்களில் போகிற அந்தப் பீதோவன் மெட்டைப் போனில் பதிவு செய்யுங்கள். நாய் ஆறுதலாகப் படுத்திருக்கும் நேரத்தில், காது மட்டும் அசையும் அளவு மெல்லிய சத்தத்தில் ஐந்து விநாடி போடுங்கள். பாட்டுத் தொடங்கி ஒரு விநாடிக்குள் அவித்த கோழி ஈரல், பட்டாணிக் கடலை அளவுத் துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக. பாட்டு நின்றதும் ஈரலும் நிற்கும். இந்த வரிசை பிசகக் கூடாது. ஈரலை எடுத்த பிறகு பாட்டைப் போட்டால் நாய் பாட்டைக் கவனிக்காது, ஈரல் பெட்டியைத்தான் பார்க்கும். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, இடைவெளி ஒருமுறை அரை நிமிடம், ஒருமுறை இரண்டு நிமிடம் என்று மாறி மாறி. பாட்டுக் கேட்டதும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் சத்தத்தை ஒரு படி கூட்டலாம். நாள் முழுக்கப் பாட்டை ஓடவிட்டால் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் நாய் களைத்துப்போய் அடங்கிக் கிடக்கும், பயம் அப்படியே இருக்கும்.

14 நாள் கழிந்து வெளியே போகும்போது கழுத்துப் பெல்ட்டில் கட்டாதீர்கள். முன்நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டி), 2 மீற்றர் நைலோன் பட்டி. கழுத்து நெரிபட்டால் அந்த வலியும் ஓட்டோவின் கணக்கிலேயே சேரும். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் அறவே வேண்டாம். சுருளும் கயிறும் வேண்டாம், பூட்டு வழுக்கினால் நாய் நடு றோட்டில் நிற்கும். சாரத்தைக் கவ்வுவதை உங்கள் மேல் உள்ள கோபமாக எடுக்காதீர்கள். உச்சத்தில் நிற்கும் நாய், தன்னைத் தொட்டதைக் கவ்வும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் உடம்பில் கை வைக்காமல் கயிற்றால் மட்டும் திருப்புங்கள்.

தூரம்தான் உங்கள் மருந்து. ஓட்டோ ஓடும் றோட்டைத் தூரத்தில் இருந்து பார்க்கக்கூடிய திறந்த வெளியாகத் தேடுங்கள். 50 மீற்றரில் தொடங்கலாம். நாய் ஓட்டோவைக் காண்கிறது, காது திரும்புகிறது, ஆனால் வாய் தளர்ந்து இருக்கிறது, கொடுத்த ஈரலை மெதுவாக வாங்குகிறது என்றால் தூரம் சரி. வாயை மூடிவிட்டது, வால் விறைத்து மேலே போய்விட்டது, உடம்பு முன்னே சாய்கிறது, அல்லது ஈரலை விரலோடு சேர்த்துப் பறிக்கிறது என்றால் கிட்ட வந்துவிட்டீர்கள். ஈரலையே எடுக்கவில்லை என்றால் மிகவும் கிட்ட. அந்த இடத்தில் ஒன்றும் படிக்காது, பின்னுக்குப் போங்கள். ஓட்டோ தெரியும் மட்டும் ஈரல், மறைந்ததும் நிறுத்து. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் தாராளம். நாலைந்து தடவை தொடர்ந்து அமைதியாக நின்றால் மாத்திரம் இரண்டு மூன்று மீற்றர் முன்னே. ஈரலின் அளவு அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கூடினால் வயிற்றோட்டம்.

வீட்டுக்குள்ளேயே "வா" என்று சொல்லி எதிர்ப்பக்கம் திரும்பி நடக்கப் பழக்கி வையுங்கள். எதிர்பாராமல் ஒரு ஓட்டோ சந்தியால் திரும்பி முன்னே வந்தால் அதுதான் கை கொடுக்கும். பாய்ந்தேவிட்டது என்றால் ஏசவும் வேண்டாம், ஆறுதல் சொல்லி நிற்கவும் வேண்டாம். விலகி வீட்டுக்குப் போங்கள், அடுத்த ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். பதற்றம் உடம்பில் இருந்து இறங்க நேரம் எடுக்கும். காலையில் மீன்காரர், பகலில் இடி, பின்னேரம் ஓட்டோ என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், நேற்று 30 மீற்றரில் அமைதியாக நின்ற நாய் இன்று 60 மீற்றரிலேயே பாயும். அதைப் பார்த்துப் பயிற்சி தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

பாலையூற்று அக்கா எழுதியது:

படலை பற்றித் தம்பி நல்லா எழுதியிருக்கிறார். நான் சட்டிக்கு வாறன்.

பிள்ளை, முதலில ஒண்டைச் சொல்லுறன்: உறுமினதுக்காக அடிக்காதேங்கோ. உறுமல் உங்களுக்கு வாற எச்சரிக்கை. அடிச்சால் உறுமல் நிண்டுபோகும், சாப்பாடு பறிபோகும் எண்ட பயம் நிக்காது. பிறகு சத்தமில்லாமல் கடிக்கிற நாய்தான் மிஞ்சும். சட்டிக்குள்ள கையை விடுறதும் அப்பிடித்தான். மனுசர் கிட்ட வந்தால் சாப்பாட்டுக்கு ஆபத்து எண்டு அது ஏற்கனவே நினைக்குது. நீங்கள் கையை விட்டு, அது சரிதான் எண்டு காட்டுறியள்.

இண்டையில இருந்து சாப்பாடு பின்னறையில, கதவு பூட்டி. 15 நிமிசத்துக்குப் பிறகு நாயை வேற வழியால வெளியில எடுத்துப்போட்டுத்தான் சட்டியை எடுக்கிறது. எலும்பு, கருவாட்டுத் தலை ஒண்டும் முத்தத்தில போடாதேங்கோ. ஒரு கிழமை யாரும் கிட்டப் போகாமல் அது நிம்மதியாச் சாப்பிட வேணும்.

அதுக்குப் பிறகு பெரிய ஆள் ஒராள் மட்டும் பழக்கலாம். சட்டியில வெறும் சோறும் கொஞ்ச மீனும் போடுங்கோ. உங்கட கையில அதைவிட ருசியான ஒண்டு இருக்க வேணும். முள் எடுத்த அவிச்ச சூரை மீன் நல்லது. உப்பு, மிளகாய், வெங்காயம் போடக் கூடாது, வெங்காயம் நாய்க்கு நஞ்சு. மூண்டு மீற்றருக்கு அங்கால நிண்டு, அது சாப்பிடேக்க ஒரு துண்டைச் சட்டிப் பக்கம் எறிஞ்சுபோட்டு உடனே திரும்பிப் போங்கோ. நிண்டு பார்க்க வேண்டாம். ஒரு சாப்பாட்டுக்கு நாலைஞ்சு தரம் காணும்.

நீங்கள் வரேக்க நாய் சட்டியில இருந்து தலையை நிமித்தி, உடம்பு இளகி, வாலை அகலமா ஆட்டிக்கொண்டு உங்களைப் பார்த்தால் அரை அடி கிட்டப் போகலாம். அவசரம் அவசரமா விழுங்கத் தொடங்கினால், சட்டியை உடம்பால மறைச்சால், கண்ணின்ர வெள்ளை தெரியப் பக்கவாட்டில பார்த்தால் ஒரு மீற்றர் பின்னுக்கு. விழுங்கிற வேகம் கூடுறதைத்தான் எல்லாரும் கவனிக்காமல் விடுறவை. பசி எண்டு நினைப்பினம். உறுமலுக்கு முன்னால வாற அடையாளம் அது.

சட்டியடிக்கு வந்து துண்டைக் கையால உள்ள போடுற நிலை வர ரெண்டு மாதமும் எடுக்கலாம். அதுக்குப் பிறகுதான் வெறுஞ்சட்டியைத் தூக்கி, நல்ல சாப்பாடு போட்டுத் திருப்பிக் குடுக்கிறது. வாயில கவ்வின செருப்பு, பந்து எதையும் பறிக்க வேண்டாம். மீன் துண்டைக் காட்டி மாத்தி வாங்குங்கோ.

மகன் இந்தப் பழக்கம் ஒண்டும் செய்யக் கூடாது. நாய் நல்லாத் திருந்தினாலும், அது சாப்பிடுற நேரம் பிள்ளை அந்த அறைக்குள்ள இல்லை. இது எண்டைக்கும் உள்ள சட்டம். பெரியவர் ஒருவரும் பக்கத்தில இல்லாமல் ரெண்டு பேரையும் ஒண்டா விடவும் வேண்டாம்.

கால்நடை கிழக்கு எழுதியது:

மல்லாக்கப் பிடித்து அமத்தும் யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை விடுவது சுலபம். 1947 இல் ருடோல்ப் ஷெங்கெல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து அவற்றுக்கிடையே நடக்கும் தலைமைச் சண்டையை எழுதினார். அதை ஆட்கள் வீட்டு நாய்க்கும் பொருத்திவிட்டார்கள். அந்தக் கருத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மீச் (Mech), காட்டில் உள்ள ஓநாய்க் கூட்டம் தாய் தகப்பனும் குட்டிகளுமான குடும்பம்தான் என்று 1999 இல் திருத்தி எழுதினார். 2009 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஓர் ஆய்வு, நடத்தைச் சிக்கலுக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டது. அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதத்தினருக்கும், மல்லாக்கப் புரட்டிப் பிடித்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும் நாய் எதிர்த்துத் தாக்கியிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

பழக்கத் தொடங்க முதல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதுப் புண், உடைந்த பல், இடுப்பு மூட்டு வலி இவற்றை நாய் காட்டிக்கொள்ளாது, கிட்ட வருபவரில்தான் காட்டும். எங்கள் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதனால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். வலியை வைத்துக்கொண்டு எவ்வளவு ஈரல் கொடுத்தாலும் முன்னேற்றம் வராது. ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் நாய் இளகவே இல்லை என்றால் மருந்து பற்றியும் கேட்கலாம். பதற்றத்தைக் குறைக்கும் புளுவொக்செட்டின் வகை மருந்து பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும், பயிற்சியோடு சேர்த்துத்தான் உதவும். வீட்டில் உள்ள மனிதர் மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

கடியின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. இயன் டன்பார் வகுத்த ஆறு படி அளவுகோலில், பல் பட்டும் துளை விழாத கடி இரண்டாம் படி. இந்த நாய் பல்லை அடக்கத் தெரிந்த நாய். நல்ல நம்பிக்கை வைக்கலாம். கோரைப் பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமாக இறங்கும் கடிதான் நாலாம் படி. அங்கிருந்து தொடங்கும் நாயைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைத்துப் பழக்கச் சொல்ல மாட்டேன்.

உவர்மலை வாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டோம், முதல் ஊசி போட்டாயிற்று. படலைக்கு நாளை தகரம் அடிக்கிறோம். இன்னும் மூன்று கேள்வி. வாய்க்கூடு போடுவது நல்லதா? கோட்டைப் பக்கம் நடக்கப் போனால் மான்களைக் கண்டு இழுக்கிறது, அதற்கும் ஈரல் முறைதானா? திருவிழா வெடிக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?

நாலுகால் நண்பன் எழுதியது:

வாய்க்கூடு நல்லது, ஆனால் கூடை வகை மட்டும். துணியால் வாயை இறுக்கும் வகையைப் போட்டால் நாய் இளைக்க முடியாது. இளைத்துத்தான் நாய் சூட்டை இறக்கும். திருகோணமலை வெயிலில் அது ஆபத்து. கூட்டுக்குள் நாய் வாயை நன்றாகத் திறந்து நாக்கை நீட்டவும், தண்ணீர் குடிக்கவும் இடமிருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழ் ஒரு விரல் விட்டு மூக்கின் சுற்றளவையும், அங்கிருந்து மூக்கு நுனி வரையான நீளத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வாங்கிய அன்றே மாட்டாதீர்கள். முதல் சில நாள் கூட்டின் அடியில் தயிரோ மசித்த ஈரலோ பூசி, நாய் தானாக மூக்கை நுழைத்து நக்க விடுங்கள். பட்டியைத் தொடவே வேண்டாம். பிறகு பட்டியை ஒரு விநாடி பிடித்து விடுவது, பிறகு பூட்டி ஐந்து விநாடி, அரை நிமிடம், ஐந்து நிமிடம். முன்காலால் கூட்டை வறுகத் தொடங்கினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். சட்டிப் பழக்கத்துக்கு வாய்க்கூடு உதவாது, சாப்பிட முடியாதே. அங்கே தூரமும் கதவும்தான் பாதுகாப்பு.

மான் வேறு விஷயம். ஓட்டோவில் இருப்பது பதற்றம், மானில் இருப்பது வேட்டை ஆசை. துரத்துவதே அதற்குப் பரிசு, ஈரல் அதோடு போட்டி போட முடியாது. பிரெட்ரிக் கோட்டை, கோணேசர் கோயில் வீதி, டச்சுக்குடாப் பக்கம் இந்த நாயோடு போகாதீர்கள். வேறிடத்தில் 10 மீற்றர் நீளக் கயிறு, ஹார்னஸின் முதுகு வளையத்தில் கட்டி (கழுத்தில் கட்டினால் ஓடி நிற்கும் வேகத்தில் கழுத்தில் காயம் வரலாம்), கூப்பிட்டதும் திரும்புவதை மட்டும் பழக்குங்கள். நன்றாகப் பழகினாலும் மான் உள்ள இடத்தில் கயிற்றைக் கழற்ற முடியாது. ஒரு நாய் துரத்தினாலே மான் வெருண்டு வாகனத்துக்குள் பாயும்.

எவ்வளவு காலம் என்று முதலில் கேட்டிருந்தீர்கள். வேறு தடங்கல் வராவிட்டால் படலைக்கு மூன்று முதல் ஆறு மாதம்.

கால்நடை கிழக்கு எழுதியது:

வெடி பற்றி: அசிபுரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். அது உடம்பை அசையவிடாமல் கிடத்தும், பயத்தைக் குறைக்காது. நாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஓட முடியாமல் கிடக்கும், அடுத்த வெடிக்குப் பயம் இன்னும் கூடும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் உண்டு, திருவிழாவுக்கு இரண்டு கிழமை முன்னரே போய்க் கேளுங்கள். வெடி இல்லாத ஒரு நாளில் கொடுத்துப் பார்த்து அளவைச் சரி செய்ய நேரம் வேண்டும். வெடி நாளில் உள்ளறை, சன்னல் சாத்தி, மின்விசிறியும் வானொலியும் போட்டு வையுங்கள். உங்களிடம் ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள், அதனால் பயம் வளராது.

கடற்கரைக்கு நடக்கப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். கரைவலை இழுத்து மீனைப் பிரித்தெடுத்த இடத்தில் பேத்தை மீனை மணலில் எறிந்திருப்பார்கள். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது. நாய் அதைக் கவ்வினால் வாந்தி, வீணீர், தள்ளாட்டம், பிறகு மூச்சுத் திணறல் என்று வேகமாக ஏறும். மாற்று மருந்து கிடையாது. வாய்க்கூடு பழகும் வரை அந்தக் கரையைத் தவிருங்கள். அப்படித் தின்றுவிட்டால் வீட்டில் உப்புத்தண்ணீர் பருக்கி நேரம் போக்காமல் நேரே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.